அடைக்கலம் கேட்டு ஒருவர் வந்தால்

இரவு பதினொன்றரை மணி. கதவைத் திறந்தால் நாத்தனார் மகன் நிற்கிறான். கையில் பை இல்லை. செல்போனை அணைத்து வைத்திருக்கிறான். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் அத்தை, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்கிறான். கடன் தொல்லையாக இருக்கும் என்று நினைத்து, மோர் ஊற்றிச் சோறு போட்டு, பாயை விரித்துக் கொடுக்கிறீர்கள். காலையில் பால் வாங்கப் போன இடத்தில் பேப்பரில் அவன் படம். ஒரு கொலை வழக்கில் மூன்று பேரைத் தேடுகிறார்கள். அதில் ஒருவன் உங்கள் வீட்டுக் கூடத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

நேற்று இரவு நீங்கள் போட்ட சோறு குற்றமில்லை. இன்று மதியம் போடப்போகும் சோறு குற்றமாகலாம். இந்த அத்தியாயம் அந்தக் காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் உள்ள சில மணி நேரத்துக்காக எழுதப்பட்டது. பதற்றத்தில் படிக்க நேரம் இருக்காது. இப்போதே ஒருமுறை படித்து வையுங்கள்.

எது அடைக்கலம்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) அடைக்கலம் என்பதற்கு மிக அகலமான பொருள் சொல்கிறது. தங்க இடம் கொடுப்பது மட்டும் அதில் இல்லை. உணவு, குடிக்க ஏதாவது, பணம், துணி, ஆயுதம், வண்டி என்று எதைக் கொடுத்தாலும், பிடிபடாமல் தப்பிக்க வேறு எந்த வகையில் உதவினாலும் அது அடைக்கலம்தான். ஜிபேயில் இரண்டாயிரம் ரூபாய் அனுப்புவது, உங்கள் பெயரில் சிம் கார்டு வாங்கிக் கொடுப்பது, பைக் சாவியை நீட்டுவது, "போலீஸ் தெருமுனைக்கு வந்தாச்சு" என்று ஒரு மிஸ்டு கால் கொடுப்பது எல்லாமே இதற்குள் வரும்.

ஆனால் செய்த உதவி மட்டும் உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடாது. அதோடு இரண்டு விஷயங்கள் சேர வேண்டும். வந்தவர் குற்றம் செய்தவர் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்திருக்க வேண்டும். அவரைத் தண்டனையிலிருந்து அல்லது கைதிலிருந்து காப்பாற்றும் நோக்கம் உங்களுக்கு இருந்திருக்க வேண்டும். "நம்பக் காரணம்" என்ற இந்த இரண்டு சொற்களில்தான் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. சட்டையில் ரத்தக்கறை, ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றும் படம், வாசல்வரை வந்து விசாரித்துவிட்டுப் போன போலீஸ்: இத்தனைக்குப் பிறகும் "எனக்கு ஒன்றுமே தெரியாது" என்றால் நீதிமன்றம் ஏற்காது.

தண்டனை எவ்வளவு?

வந்தவர் செய்த குற்றம் எவ்வளவு பெரியதோ அதற்கேற்ப உங்கள் தண்டனையும் ஏறும். பிரிவு 249-இன்படி, மரண தண்டனை விதிக்கத்தக்க குற்றம் செய்தவருக்கு அடைக்கலம் கொடுத்தால் 5 ஆண்டுகள் வரை சிறை, அபராதம். ஆயுள் தண்டனைக்கோ 10 ஆண்டுச் சிறைக்கோ உரிய குற்றமானால் 3 ஆண்டுகள் வரை. அதற்கும் கீழே என்றால், அந்தக் குற்றத்துக்கான உச்ச தண்டனையில் நாலில் ஒரு பங்கு. அதாவது ஏழாண்டுக் குற்றத்துக்கு ஒன்றே முக்கால் ஆண்டு.

கைது செய்ய ஆணை பிறந்துவிட்டவரையோ காவலிலிருந்து தப்பி வந்தவரையோ, அது தெரிந்தே வைத்திருந்தால் பிரிவு 253 பாயும். அதில் மரண தண்டனைக் குற்றத்துக்கு 7 ஆண்டுகள் வரை போகும். கொள்ளையர்களுக்கு இடம் கொடுப்பதற்குப் பிரிவு 254. அதிலும் 7 ஆண்டுகள் வரை கடுங்காவல். அமைப்புரீதியான குற்றக் கும்பலைச் சேர்ந்தவரை ஒளித்துவைத்தால் குறைந்தபட்சமே 3 ஆண்டுகள். ஆயுள் வரை போகலாம். அபராதமும் 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. 2024 ஜூலைக்கு முந்தைய சம்பவம் என்றால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 212, 216 பிரிவுகளில் வழக்கு நடக்கும்.

249, 253, 254 மூன்றும் ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள்தான். அதனால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அடைக்கலம் தந்தவரையும் மூல வழக்கின் சதியில் பங்காளி என்று சந்தேகித்து அதே எஃப்.ஐ.ஆரில் சேர்க்கும்போதுதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கை நினைத்துப் பாருங்கள். 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதியிலிருந்து விடுவித்தது. அந்த 19 பேரில் சிலர் மீது கடைசியில் நின்றவை அடைக்கலம் தந்தது போன்ற சிறிய குற்றங்கள் மட்டுமே. அவற்றுக்கான தண்டனைக் காலத்தை அவர்கள் எப்போதோ சிறையில் கழித்துமுடித்திருந்தார்கள். வீட்டில் இடம் கொடுத்ததன் விலை என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த வழக்கைத்தான் சொல்வேன்.

தாய்க்கும் விலக்கு இல்லை

நீதிமன்ற வளாகங்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம்: "பெத்த பிள்ளைக்குச் சோறு போட்டது தப்பா சார்?" இதற்குச் சட்டம் சொல்லும் பதில் கடுமையானது. இந்தப் பிரிவுகளில் விலக்கு உள்ள ஒரே உறவு கணவன்-மனைவி. தாய், தகப்பன், அண்ணன், தங்கை, மாமன், மச்சான் யாருக்கும் கிடையாது. கணவன்-மனைவிக்கும் அடைக்கலக் குற்றத்தில் மட்டும்தான் விலக்கு. ரத்தக்கறை படிந்த வேட்டியைத் துவைத்த மனைவியை, தடயத்தை அழித்ததற்காகப் பிரிவு 238-இல் வழக்கில் சேர்க்கலாம். மூலக்குற்றம் கொலை என்றால் அதற்கு 7 ஆண்டுகள் வரை உண்டு.

இது அடைக்கலக் குற்றம் ஆகாது

கணவனின் அடிக்குப் பயந்து இரவில் வந்து நிற்கும் பெண்ணுக்குக் கதவைத் திறப்பது குற்றமில்லை. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு துரத்தப்படும், வயது நிரம்பிய ஜோடிக்கு இடம் கொடுப்பதும் குற்றமில்லை. "உங்க மேல கேஸ் போடுவோம்" என்று உறவினர்கள் மிரட்டினால் அவர்களை உள்ளே விடாமல் 112-க்கு அழையுங்கள். இருவரில் ஒருவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் மட்டும் நிலைமை வேறு. உடனே 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

குத்துப்பட்டு வந்தவரை 108 ஆம்புலன்ஸில் ஏற்றி அரசு மருத்துவமனையில் சேர்ப்பதும் அடைக்கலம் ஆகாது. அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு போலீசுக்குச் சொல்வார்கள். அது மருத்துவமனையின் வழக்கமான நடைமுறை. தெரிந்த நர்ஸை வீட்டுக்கு வரவழைத்து ரகசியமாகத் தையல் போடச் சொல்வதுதான் வில்லங்கம். நர்ஸையும் சேர்த்து மாட்டிவிடுவீர்கள்.

தெரிந்த அந்த முதல் மணி நேரம்

வரிசை முக்கியம். மாற்றிச் செய்தால் ஆபத்து கூடும்.

1. வீட்டில் உள்ள குழந்தைகளையும் முதியவர்களையும் வேறு ஏதாவது காரணம் சொல்லி வெளியே அனுப்புங்கள். பள்ளிக்கூடம், கோயில், பக்கத்துத் தெருச் சித்தி வீடு, எதுவானாலும் சரி. வந்தவருக்குச் சந்தேகம் தட்டக் கூடாது.

2. நீங்களும் வெளியே வாருங்கள். கடைக்குப் போவதுபோலப் போனால் போதும். வீட்டுக்குள் இருந்தபடி போலீசுக்குப் போன் செய்யாதீர்கள்; குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

3. 112-ஐ அழையுங்கள், 100-உம் வேலை செய்யும். ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரின் எண் கையில் இருந்தால் அவரிடமே நேராகப் பேசுங்கள். சொல்ல வேண்டியவை: முகவரி, எந்தத் தளம், வீட்டுக்கு எத்தனை வாசல், உள்ளே யார் யார், ஆயுதத்தைப் பார்த்தீர்களா, வந்தவர் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா. நடந்த கதை முழுவதையும் அப்போது சொல்ல வேண்டியதில்லை.

4. அழைத்த நேரத்தைக் குறித்துவையுங்கள். செல்போனின் அழைப்புப் பட்டியலை அழிக்காதீர்கள். உண்மை தெரிந்ததும் சொல்லிவிட்டீர்கள் என்பதற்குப் பின்னால் அதுதான் சாட்சி.

5. அவருடைய பொருள் எதையும் தொடாதீர்கள். கத்தி இருந்தால் அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். துணியைத் துவைக்காதீர்கள், தரையைக் கழுவாதீர்கள்.

6. போலீஸ் வரும்வரை வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

பலர் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். போலீசுக்குச் சொல்வதற்கு முன்னால் வந்தவரிடமே போய், "நீ இங்கிருந்து போயிடு, இல்லைன்னா சொல்லிடுவேன்" என்கிறார்கள். நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் அது ஒருவரைத் தப்பவிட்டதாக ஆகிவிடுகிறது; அதோடு, ஏற்கெனவே வன்முறை செய்த ஒருவரைத் தனியாக நின்று மிரட்டியதாகவும் ஆகிறது.

இன்னொரு தவறு, நாலு பேரைச் சேர்த்து மடக்கிப் பிடித்துக் கட்டிவைத்து அடிப்பது. கண்ணெதிரே பெருங்குற்றம் செய்பவரையும், தேடப்படும் குற்றவாளி என்று நீதிமன்றம் அறிவித்தவரையும் பொதுமக்கள் பிடிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பிடித்தால் தாமதிக்காமல், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அடிக்க உரிமை கிடையாது. ஆயுதம் வைத்திருப்பவரிடம் இந்த முயற்சியே வேண்டாம்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு: கொள்ளையர், சிறையிலிருந்து தப்பியவர், தேடப்படும் குற்றவாளி என அறிவிக்கப்பட்டவர் ஊருக்குள் வந்துபோனது தெரிந்தால் உடனே சொல்ல வேண்டிய கடமை வி.ஏ.ஓ.வுக்கு மட்டும் அல்ல, அந்த ஊரில் குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 34. கொலை, கொள்ளை போன்ற குற்றங்களைப் பற்றித் தெரிந்தும் நியாயமான காரணம் இல்லாமல் மறைக்கக் கூடாது என்று பிரிவு 33 எல்லோருக்குமே சொல்கிறது. அந்த நியாயமான காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையதே.

கத்தியைக் காட்டித் தங்கினால்

உயிருக்குப் பயந்து இடம் கொடுத்தால் அது குற்றமில்லை. ஆனால் பி.என்.எஸ். பிரிவு 32 தரும் இந்தப் பாதுகாப்புக்கு ஓர் எல்லை இருக்கிறது: அந்த நொடியிலேயே உயிர் போகும் என்ற அச்சம் இருந்திருக்க வேண்டும். அவர் கடைக்குப் போய்விட்டார், நீங்கள் வீட்டில் தனியாக இருக்கிறீர்கள், கையில் போன் இருக்கிறது. அந்த அரைமணி நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் பிறகு கேட்பார்கள்.

எதிர்த்து நிற்காதீர்கள். கேட்டதைக் கொடுங்கள். வெளியேற முதல் வாய்ப்பு வரும்போது ஒன்றையும் எடுத்துக்கொள்ள நினைக்காமல் வெளியேறுங்கள். நகையும் பத்திரமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் வீட்டுப் பிள்ளையே என்றால்

இந்த அத்தியாயத்தில் எழுதச் சிரமமான பகுதி இதுதான். மகனைப் போலீசில் பிடித்துக் கொடுக்கச் சொன்னால் எந்தத் தாயும் கையை உதறிவிடுவாள். அவளுடைய பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. என்கவுன்ட்டர், லாக்கப்பில் அடி, "பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்தது" என்ற செய்தி, எல்லாவற்றையும் அவளும் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அந்தப் பயம் உள்ளவர்களுக்கு என் பதில்: ஒளித்து வைக்கப்பட்டவனின் உயிருக்குத்தான் ஆபத்து அதிகம். அவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. அவனைப் பிடித்த நேரமும் இடமும் எந்தப் பதிவிலும் இருக்காது. எதிர்க் கோஷ்டியும் அவனைத் தேடிக்கொண்டிருக்கும். வழக்கறிஞரோடு, பட்டப்பகலில், பலர் பார்க்க நடந்துபோய்ச் சரணடைபவனுக்கு நேரமும் இருக்கிறது, சாட்சியும் இருக்கிறது.

சரண்டர் செய்ய வைக்கும் வழி:

1. அவனிடம் சம்பவத்தைப் பற்றித் தோண்டித் துருவிக் கேட்காதீர்கள். நீங்கள் கேட்பதெல்லாம் நாளைக்கு உங்களையே சாட்சிக் கூண்டில் ஏற்றும். "வக்கீல்கிட்ட பேசு" என்பது மட்டும் போதும்.

2. அன்றைக்கே ஒரு கிரிமினல் வழக்கறிஞரைப் பிடியுங்கள். பணம் இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். வழக்கு தொடர்பாக வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு; தப்பியோட யோசனை கேட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

3. எங்கே சரணடைவது என்பதை வழக்கறிஞர் முடிவு செய்யட்டும். வழக்கு பதிவான எல்லைக்கு உட்பட்ட மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றம்தான் சிக்கல் இல்லாத வழி. வெளியூர் கோர்ட்டில் சரண்டர் என்று பேப்பரில் வருவதைப் பார்த்து நீங்களாக வேன் பிடித்துக் கிளம்பாதீர்கள். வழியில் மடக்கினால், தப்பிக்க வண்டி கொடுத்தவர் ஆகிவிடுவீர்கள்.

4. கிளம்பும் முன், இன்ன தேதியில், இன்ன நீதிமன்றத்தில் சரணடையப் போகிறார் என்று வழக்கறிஞர் மூலம் மாவட்ட எஸ்.பி.க்கோ மாநகரக் காவல் ஆணையருக்கோ எழுத்தில் தெரிவியுங்கள். உயிருக்கு ஆபத்து என்ற அச்சம் இருந்தால் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். நேரம் பதிவாகும் மின்னஞ்சல் நல்லது.

5. காலையில் நீதிமன்றம் கூடும் நேரத்துக்கே போய்ச் சேருங்கள். மாலையில் போனால் நீதிபதி எழுந்துவிட்டிருப்பார். ஒரு இரவு வீணாகப் போகும்.

6. உடம்பில் ஏற்கெனவே காயம் இருந்தால் முதலிலேயே நீதிபதியிடம் சொல்லச் சொல்லுங்கள், பதிவாகட்டும். தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை இருந்தால் டாக்டர் சீட்டோடு கையில் இருக்கட்டும்.

18 வயது நிரம்பாதவன் என்றால் பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ எடுத்துக்கொள்ளுங்கள். அவனை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும்.

கோர்ட்டுக்குப் போகும் முன்பே போலீஸ் கைது செய்துவிட்டால், கைது மெமோ கேளுங்கள். அதில் குடும்பத்தினர் ஒருவரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தியாக வேண்டும். கைதான உடனே மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். அந்த அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

"நம்ம ஆளு" என்று ஊரே ஒளித்தால்

வீட்டுப் பாசத்தைவிட ஆபத்தானது சாதிப் பாசமும் கட்சிப் பாசமும். 2015 ஜூனில் கோகுல்ராஜ் என்ற பொறியியல் பட்டதாரி கொல்லப்பட்டு, பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் கிடத்தப்பட்டார். வழக்கின் முதல் எதிரி மூன்று மாதத்துக்கு மேல் தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகளை வெளியிட்டு வந்தார். அக்டோபரில் நாமக்கல்லில் சரணடைந்தார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அந்த மூன்று மாதமும் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், கொன்றவனின் குரலைப் போனில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பாள். உங்கள் ஊரில் யாராவது "நம்ம பையன், ஒரு வாரம் தோட்டத்து வீட்டுல இருக்கட்டும்" என்று சாவி கேட்டால் அவளை நினைத்துப் பாருங்கள். கேட்பவர் ஊர்ப் பெரியவராக இருந்தாலும், கட்சி ஒன்றியச் செயலாளராக இருந்தாலும், வழக்கில் பெயர் ஏறுவது தோட்டத்துச் சொந்தக்காரருக்குத்தான்.

நேராக மறுக்க முடியாதவர்களுக்கு ஒரு யோசனை. "அங்கே கேமரா போட்டிருக்கு, ரெக்கார்டிங் என் மச்சான் போனுக்குப் போகுது" என்பது போன்ற காரணங்கள் கைகொடுக்கும். சாவியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பிறகு தகவலைப் போலீசுக்குச் சேர்த்துவிடுங்கள்.

தகவல் சொன்னவரின் பெயர் வெளியே வருமா?

குற்றம் நடந்த தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று போலீஸ் அதிகாரியை நீதிமன்றத்தில்கூடக் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது. இது பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது. புதிய பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 131-வது பிரிவாகத் தொடர்கிறது. ஆனாலும் ஊரில் எல்லா அதிகாரியும் வாயைக் கட்டிக்கொண்டிருப்பார் என்று நம்ப வேண்டாம். உள்ளூர் ஸ்டேஷனில் அந்தக் கும்பலுக்குத் தொடர்பு இருக்கும் என்ற சந்தேகம் இருந்தால், அதைத் தாண்டி டி.எஸ்.பி.யிடமோ எஸ்.பி. அலுவலகத்திடமோ நேராகச் சொல்லுங்கள். சொந்தக்காரர்களிடமும் வாட்ஸ்அப் குழுக்களிலும் மூச்சுவிடாதீர்கள். பெயர் வெளியே போவது பெரும்பாலும் சொன்னவரின் வாய்வழியாகத்தான்.

சாட்சியாகவும் நிற்க வேண்டியிருந்து, மிரட்டல் வந்தால், 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்று நாடு முழுவதற்கும் பொருந்தும் என்று அறிவித்த சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனுச் செய்யலாம். மனு, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்குப் போகும். வந்த மிரட்டல் ஒவ்வொன்றையும் தேதி, நேரம், எண்ணோடு எழுதி வையுங்கள்.

விரோதத்தைத் தீர்த்துக்கொள்ள, பக்கத்து வீட்டில் ரவுடி ஒளிந்திருக்கிறான் என்று பொய்த் தகவல் கொடுத்தால் ஓராண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உங்களுக்கே வரலாம்.

போலீஸ் தேடி வந்தால்

கைது செய்ய வேண்டியவர் உள்ளே இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், போலீஸ் உங்கள் வீட்டுக்குள் வரத் தனியாகச் சோதனை வாரண்ட் தேவையில்லை. கதவைத் திறந்துவிடுவது உங்கள் கடமை. தங்களை அறிமுகம் செய்து, காரணம் சொல்லி, கேட்ட பிறகும் திறக்காவிட்டால் உடைத்து உள்ளே வரலாம்.

– அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பெயரையும் ஸ்டேஷனையும் குறித்துக்கொள்ளுங்கள்.
– வெளி மனிதர் முன் வராத வழக்கமுள்ள பெண்கள் உள்ளறையில் இருந்தால், அவர்கள் வெளியே வர நேரம் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டுப் பெறுங்கள்.
– பொருள்களைத் தேடி எடுத்தால் இரண்டு சாட்சிகள் வேண்டும், எடுத்தவற்றின் பட்டியல் வேண்டும், அதன் பிரதி உங்களுக்கு வேண்டும். சோதனையை வீடியோ எடுப்பது இப்போது கட்டாயம்.
– "வந்தானா?" என்று கேட்டால், வந்திருந்தால் வந்தான் என்று சொல்லுங்கள். கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்துக்கொண்டு "இல்லை" என்று சொன்னால், அதுவரை உங்களுக்கு இருந்த நியாயமெல்லாம் அதோடு முடிந்தது.
– விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வாருங்கள் என்றால், எழுத்தில் சம்மன் கேளுங்கள். சாட்சியாக விசாரிக்கப் பெண்களையும், 15 வயதுக்குக் கீழ் அல்லது 60 வயதுக்கு மேல் உள்ளவர்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயாளிகளையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும்.

மகன் கிடைக்கவில்லை என்று தகப்பனைக் கொண்டுபோய் உட்காரவைப்பது சட்டத்தில் இல்லாத வழக்கம். அப்படி நடந்தால் உடனே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடலாம். அடைக்கலம் தந்தார்கள் என்ற சந்தேகம் அடிக்க உரிமை தராது. வீரப்பன் தேடுதல் வேட்டையின்போது, அவனுக்கு உதவினார்கள் என்ற பெயரில் மலைக் கிராம மக்கள் பட்ட சித்திரவதையை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. அதற்குப் பிறகு 2007-இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு மொத்தம் 2.80 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அந்த மக்கள் அதற்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

வாடகைக்கு விடுபவர்களுக்கு

வந்தவர் யாரென்று தெரியாமல் வீட்டை விட்ட உரிமையாளர் குற்றவாளி இல்லை. தெரியாது என்பதைக் காட்டக் காகிதம் வேண்டும், அவ்வளவுதான். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்கள் ஐந்து பேர் வாடகை வீட்டில் போலீசாரால் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, வாடகைதாரர் விவரத்தை ஸ்டேஷனில் கொடுக்கச் சொல்லிச் சென்னையில் உத்தரவு வந்தது. உங்கள் ஊரிலும் அப்படி உத்தரவு இருந்தால் கட்டாயம் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். அடையாள அட்டையின் அசலைப் பார்த்து நகல் எடுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யுங்கள். ஆறு மாத வாடகையை மொத்தமாக நோட்டுக்கட்டாகக் கொடுத்து, அடையாள அட்டை கேட்டால் நாளைக்கு என்பவருக்கு வீட்டை விடாதீர்கள்.

சரணடைந்த பிறகு

பிள்ளை ரிமாண்டில் போய்விட்டான். வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. இந்த நாள்களில் செய்யக் கூடாத ஒன்று இருக்கிறது. செத்தவர் வீட்டுக்கு, அல்லது வெட்டுப்பட்டவர் வீட்டுக்கு, ஆள் அனுப்பிச் சமாதானம் பேசாதீர்கள். பணம் கொடுத்துக் குற்றத்தை மறைக்கச் சொல்வது தனிக் குற்றம், வாங்குவதும் குற்றம். சாட்சியை மிரட்டிப் பொய் சொல்ல வைத்தால் 7 ஆண்டுகள் வரை சிறை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உங்களுக்கு உண்மையாகவே தோன்றினாலும் வழக்கு நடக்கும்போது அவர்கள் வாசலில் போய் நிற்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கு வாய்தா தேதி இருக்கிறது, மனுப் போட்டு ஜெயிலில் பார்க்க நாள் இருக்கிறது. அந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருப்பார்கள்.